வியட்நாம் கிளம்புமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முறை வியட்நாம் போய்வந்தவன் என்ற ஒரே தகுதியால், சொந்தத்திலும் அலுவலகத்திலும் யார் அங்கே கிளம்பினாலும் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இதில் உள்ள விலைகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் விடுமுறை இருக்கிறது. நாடு முழுவதையும் பார்த்துவிடலாமா?

முடியாது. முயலவும் வேண்டாம். வரைபடத்தில் வியட்நாம் ஒல்லியாகத் தெரிவதால் சின்ன நாடு என்று நினைத்துவிடுகிறோம். வடக்கே தலைநகர் ஹனோயிலிருந்து தெற்கே சைகோனுக்கு (டிக்கெட்டில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும்) ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். அந்த ரயில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் விடுதியைக் காலி செய்வது, விமான நிலையத்தில் காத்திருப்பது, அடுத்த ஊரில் அறை கிடைக்கும்வரை பெட்டியோடு உட்கார்ந்திருப்பது என்று அரை நாளுக்கு மேல் கரைந்துவிடும்.

“ஏழு நாள், ஐந்து நகரங்கள்” என்று விளம்பரம் செய்கிற சுற்றுலாத் திட்டங்களில் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விமான நிலையங்கள் நன்றாக நினைவிருக்கும். ஒரு வாரம் என்றால் ஒரு பகுதி போதும். வடக்கு என்றால் ஹனோய், நிங் பிங், கடலுக்குள் பாறைகள் எழுந்து நிற்கும் ஹா லாங் விரிகுடா. நடுப்பகுதி என்றால் ஹூயே, டா நாங், ஹோய் ஆன். தெற்கு என்றால் சைகோனும் மேக்கோங் ஆற்றுப் படுகையும். முதல் பயணத்துக்கு நான் நடுப்பகுதியைத்தான் சொல்வேன். கடல், பழைய ஊர், அரண்மனை, சிவன் கோயில் எல்லாம் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தால் இரண்டு பகுதிகள் பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம்?

எந்தப் பகுதிக்கு என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். நம் பள்ளிக்கூட விடுமுறைகளை வைத்தே பார்ப்போம்.

ஏப்ரல், மே என்றால் நடுப்பகுதி. வெயில் உண்டு, ஆனால் கடல் அமைதியாக இருக்கும். காலாண்டு விடுமுறைக்கு நடுப்பகுதிப் பக்கம் போகாதீர்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனின் தெருக்களில் ஆற்று நீர் ஏறிப் படகு ஓடுவது அடிக்கடி நடக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் தெற்கு, அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். அதே டிசம்பரில் ஹனோயில் குளிர் 10 டிகிரி வரை இறங்கும். ஸ்வெட்டரை ஊட்டிக்கு மட்டும் எடுத்துப் பழகியவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஹனோய்க்கு நல்ல காலம் அக்டோபர், நவம்பர்.

ஒரே ஒரு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: டெட் என்னும் அவர்களுடைய புத்தாண்டு. நிலவின் கணக்கில் வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அந்த நாட்களில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. நம் பொங்கல் நேரத்துக் கோயம்பேட்டைக் கற்பனை செய்துகொண்டால் போதும். பல கடைகள் பூட்டியிருக்கும், ரயில் டிக்கெட் கிடைக்காது.

விசா வேண்டுமா? எப்படி எடுப்பது?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்கு வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாட்களுக்கு வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தபடியே மின்விசா எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாட்கள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மூன்று வேலை நாட்களில் வந்துவிடும் என்பது கணக்கு, ஆனால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சனி, ஞாயிறும் அவர்களுடைய விடுமுறைகளும் கணக்கில் வராது.

அவசரப்பட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பவை தரகர்களின் தளங்கள். அரசுத் தளம்போலவே சின்னமும் நிறமும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கிவிடுகிறார்கள். முகவரியின் கடைசியில் “கவ் டாட் வி என்” என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையின் எண்ணைத் தட்டுங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் சறுக்குவது பெயரில்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. சிலருக்கு அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், சிலர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலியாக இருக்கும். உங்களுக்குத் தோன்றியபடி பிரிக்காமல், பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரிக் குறியீட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். நாள், மாதம் இடம் மாறினாலும், பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். விசா வந்ததும் அச்செடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கிளம்புகிற அன்று செய்தார். மகளின் பிறந்த ஆண்டு தவறு. மூன்று பேருக்கான டிக்கெட் போயிற்று.

பூ குவாக் தீவுக்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து நேரே போய், அங்கேயே தங்கித் திரும்பினால் 30 நாள் வரை விசா தேவையில்லை. தீவை விட்டு வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் விசா வேண்டும்.

நேரடி விமானம் இருக்கிறதா?

2023இல் திருச்சியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சைகோனுக்கு நேரடிச் சேவைகள் தொடங்கின. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர் வழியாகப் போவதுதான் பலருக்கும் மலிவாக அமைகிறது. மலிவு விமானங்களில் பெட்டியின் எடைக்குத் தனிக்கட்டணம் என்பதை மறக்க வேண்டாம்.

பணம் எவ்வளவு, எந்த வடிவில் கொண்டுபோக வேண்டும்?

டாலராக. நம் ரூபாயை அங்கே மாற்றுவது கடினம். மடிப்போ கிறுக்கலோ இல்லாத 100 டாலர் நோட்டுகளுக்கு நல்ல விலை கிடைக்கும். வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்று நிலையத்திலோ மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய விடுதிகளிலும் பேரங்காடிகளிலும் அட்டை செல்லும். தெருக்கடை, சந்தை, சின்ன உணவகம் எல்லாம் ரொக்கம்தான். 5,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

அவர்களுடைய நாணயம் டோங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங். முதல் நாள் எல்லாருக்கும் தலை சுற்றும். என் கணக்கு இது: கடைசி மூன்று சைபரை விட்டுவிடுங்கள், மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 60,000 டோங் நூடுல்ஸ் என்றால் 60, மூன்றால் பெருக்கினால் 180, ஆக 200 ரூபாய்க்குள் ஒரு கிண்ணம். கடைக்காரர்களும் சைபர்களைச் சொல்வதில்லை. விலைப்பட்டியலில் 60 என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கில “கே” எழுத்தைப் போட்டிருப்பார்கள்.

நோட்டுகளில் ஒரு பொறி உண்டு. 20,000 டோங்கும் 5 லட்சம் டோங்கும் இரண்டுமே நீலம், இரண்டிலும் முன்பக்கம் அவர்களுடைய விடுதலைத் தலைவர் ஹோ சி மின். மங்கலான விளக்கில் ஒன்றுபோலவே தெரியும். மதிப்பில் வித்தியாசமோ இருபத்தைந்து மடங்கு. ஹனோயில் ஒரு மாலை, ரொட்டிக் கடை அம்மாளிடம் நான் 5 லட்சத்தை நீட்டினேன். அவர் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், சிரித்தார், என் பணப்பைக்குள் இரண்டு விரலை விட்டுச் சரியான நோட்டைத் தாமே எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கூரை வேய்ந்த பாலம் இருந்தால் 20,000, அது ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம். மரங்களுக்கு நடுவே ஒரு வீடு இருந்தால் 5 லட்சம், அது ஹோ சி மின் வளர்ந்த கிம் லியென் கிராமம். 2 லட்சத்தில் ஹா லாங் பாறை, 1 லட்சத்தில் ஹனோயின் இலக்கியக் கோயில், 50,000த்தில் ஹூயே. சுற்றுலாத் திட்டத்தையே நோட்டில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்.

சாலையைக் கடக்கவே முடியாது என்கிறார்களே?

முடியும், நம் ஊரில் கற்ற பழக்கத்தை மறந்தால். நாம் இடைவெளி வருமா என்று காத்திருந்து, வந்ததும் ஓடுவோம். அங்கே மாலை ஆறு மணிக்கு இடைவெளியே வராது. தோள் உரசும் தூரத்தில் நூற்றுக்கணக்கான ஸ்கூட்டர்கள் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டிக்கொண்டு இறங்குங்கள். ஒரே வேகத்தில், மெதுவாக நடங்கள். ஓடாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், பின்னால் கால் வைக்கவே வைக்காதீர்கள். அடுத்த நொடி நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கணித்துத்தான் ஓட்டுகிறவர்கள் வண்டியை வளைக்கிறார்கள், அந்தக் கணிப்பைக் குலைத்தால்தான் இடி. பஸ்ஸும் லாரியும் வேறு சாதி. அவை வளையாது, போகவிட்டுவிடுங்கள். முதல் தடவை பயமாக இருந்தால், கீரைக்கட்டோடு கடக்கிற ஏதாவது ஒரு பாட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடுங்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது? ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

கிராப் செயலி போதும். கார், பைக் இரண்டும் வரும், விலை முன்னாலேயே தெரிந்துவிடும். மின்சாரக் கார்கள் ஓட்டும் சான் எஸ்எம் என்னும் சேவையும் நன்றாக இருக்கிறது. கையைக் காட்டி நிறுத்துவதானால் மாய் லின், வினாசன் டாக்சிகள். விமான நிலைய வாசலில் “டாக்சி, டாக்சி” என்று பெட்டியைப் பிடுங்க வருகிறவர்களைப் பார்க்காததுபோல நடந்துவிடுங்கள். ஹனோய் விமான நிலையத்திலிருந்து பழைய நகருக்கு 86ஆம் எண் பஸ் இருக்கிறது. சைகோனில் 2024 டிசம்பரில் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர் உரிமத்தைக் கேட்க மாட்டார். அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் 50 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அங்கே அளவு என்று ஒன்று கிடையாது, ஒரு பியரும் குற்றம்தான்.

ஊர் விட்டு ஊர் போக ஒரு ரயில் பயணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஹூயேயிலிருந்து டா நாங். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலின் மேலேயே போகிறது. ஹூயேயில் ஏறினால் இடப்பக்க ஜன்னல். படுக்கை பஸ்களில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், கோயில் வாசல் மாதிரி. ஆறடி ஆட்களுக்குக் கால் நீட்ட முடியாது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். பக்கத்து நாடுகளைவிட வியட்நாம் சைவர்களுக்கு எளிது, ஒரு சொல் தெரிந்தால். “சய்”. பௌத்த சைவ உணவுக்கு அந்தப் பெயர். பலகையில் ஆங்கில எழுத்துகளில் சி, எச், ஏ, ஒய் என்று நான்கும் சேர்ந்திருந்தால் உள்ளே நுழைந்துவிடுங்கள். “தோய் அன் சய்” என்றால் நான் சைவம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் அவர்களுடைய மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பல வீடுகளில் சய்தான். அன்றைக்குச் சாதாரணக் கடைகளில்கூடச் சைவம் கிடைக்கும். விகாரைகளை ஒட்டிய சய் கடைகளில் வெங்காயம், பூண்டும் சேர்க்காமல் சமைப்பதுண்டு. அதைத் தேடுகிறவர்களுக்கு இது ஊரில்கூடச் சுலபமாகக் கிடைக்காத வசதி.

சிக்கல் பொதுக் கடைகளில். “காய்கறி நூடுல்ஸ்” என்று கேட்டால் மேலே காய்கறி இருக்கும், அடியில் மாட்டெலும்பு வேகவைத்த சாறு இருக்கும். கீரை வதக்கலில் மீன் சாறு விழும். நுவொக் மம் என்று பெயர், நமக்குப் புளிபோல அவர்களுக்கு அது. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள், மீன் சாறு இறைச்சி என்று அவர்கள் கணக்கில் வராது. “கோங் நுவொக் மம்” என்று தனியாகச் சொல்லுங்கள். சய் கடையில் கோழித் துண்டு, இறால் என்று பட்டியலில் கண்டால் பதற வேண்டாம். சோயாவிலும் காளானிலும் அச்சு அசலாகச் செய்துவைத்திருப்பார்கள். என் அம்மா கடைசிவரை நம்பவில்லை, இறாலைத் தட்டின் ஓரத்திலேயே ஒதுக்கிவிட்டார்.

ஹனோய், டா நாங், சைகோனில் இந்திய உணவகங்கள் ஏராளம். விலை கூடுதல். மூன்று நாளுக்கு ஒருமுறை ரசத்துக்கு ஏங்கினால் போகலாம்.

அங்கே சிவன் கோயில் இருக்கிறதாமே, சோழர்கள் கட்டியதா?

கோயில் இருக்கிறது. சோழர்கள் கட்டவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடுங்கள். உண்மையே போதுமான அளவு வியப்பாக இருக்கிறது.

நடு வியட்நாமிலும் தெற்கிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சம்பா என்ற அரசு இருந்தது. சாம் மக்களுடைய அரசு அது. சமஸ்கிருதத்தில் கல்வெட்டு வெட்டினார்கள், சிவனை வழிபட்டார்கள். அவர்களுடைய எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழி வந்தது. நமக்கு அங்கே உறவு உண்டென்றால் அது இந்த எழுத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் மி சோன் பள்ளத்தாக்கில் பத்ரேசுவரன் என்ற பெயரில் லிங்கத்தை நிறுவினான். அடுத்தடுத்து வந்த அரசர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே செங்கல் கோபுரங்களை எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். செங்கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன், இடுக்கு தட்டுப்படவில்லை. சுவரைக் கட்டிவிட்டு அதன் மேலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்த கோபுரம் 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்றும் புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்து வருகிறது. 2020இல் அந்தப் பணியின்போது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான லிங்கம் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது.

ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். விடியற்காலையில் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். போகுமுன்போ வந்தபின்போ டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1919இல் திறந்தது. மி சோனில் சுவர் இருக்கிறது, சிலைகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. சாம் மக்கள் மறைந்துவிடவில்லை. பான் ராங் என்ற ஊர்ப் பக்கம் அவர்களில் ஒரு பிரிவினர் தங்கள் பழைய கோபுரக் கோயில்களில் இன்றும் கதே என்னும் திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள்.

சைகோனில் தமிழர் கோயில்?

இருக்கிறது, ஒன்றல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் போனவர்கள், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள், துணி வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் விட்டுவந்த தடங்கள் சைகோனின் நடுவிலேயே இருக்கின்றன. ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில், டோன் தாட் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில், டோங் டு தெருவில் 1935இல் எழுந்த பள்ளிவாசல்.

மாரியம்மன் கோயிலுக்கு மாலையில் போனேன். வாசலில் கூடையில் மல்லிகை, கட்டுக் கட்டாக ஊதுபத்தி. உள்ளே நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் தமிழ் முகம் என்னுடையது மட்டும்தான். மற்ற எல்லாரும் வியட்நாம் மக்கள். அலுவலகச் சீருடையில் ஒரு பெண் மூன்று ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிவிட்டு, பின்னால் போய்க் கருவறைச் சுவரில் நெற்றியைப் பதித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அவ்வளவு நேரமும் அவருடைய கைப்பேசி பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அவர்கள் இதை “இந்தியப் பெண்தெய்வத்தின் கோயில்” என்று சொல்கிறார்கள்.

ஹா லாங்: ஒரு நாள் போதுமா, படகில் இரவு தங்க வேண்டுமா?

ஹனோயிலிருந்து இரண்டரை மணி நேரம் போய், நான்கைந்து மணி நேரம் படகு, திரும்ப இரண்டரை மணி நேரம். ஒரு நாளில் முடியும், பாதிப் பொழுது சாலையில் போகும். கையில் பணம் இருந்தால் இரவு தங்குங்கள். காலை ஐந்தரைக்குப் படகின் மேல்தளத்தில் யாரும் இல்லாத நேரம்தான் அந்தச் செலவுக்கு ஈடு. பக்கத்திலுள்ள லான் ஹா விரிகுடாவில் அதே பாறைகள், கூட்டம் குறைவு.

வானிலை காரணமாகப் பயணத்தை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகில் ஏறியதும் உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கைகள் தாங்குகிற தங்கப் பாலம்?

டா நாங்குக்கு அருகே பா நா மலையில் இருக்கிறது. ஒரு கேளிக்கைப் பூங்காவின் பகுதி அது, பாலத்தை 2018இல் திறந்தார்கள். கைகள் கல் அல்ல, கம்பி வலையும் கண்ணாடியிழையும். நுழைவுக் கட்டணம் ஒரு தலைக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் போகிறது. குழந்தைகளுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் கேபிள் கார் பிடிக்கும். மலையில் மூடுபனி இருந்தால் கையும் தெரியாது, பாலமும் தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பிடிவாதமாகப் போகவேண்டும் என்கிறவர்கள் முதல் கேபிள் காரைப் பிடியுங்கள்.

போர் சம்பந்தமான இடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சைகோனின் போர் எச்ச அருங்காட்சியகத்தில் போரில் அமெரிக்கப் படை ரசாயன நச்சைத் தெளித்ததன் விளைவுகளைக் காட்டும் படங்கள் உள்ளன. பெரியவர்களே வெளியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பேன். போரின்போது கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கங்கள் பரவாயில்லை. ஆனால் மூச்சுமுட்டல், முழங்கால் வலி உள்ளவர்கள் உள்ளே நுழையாமல் மேலேயே பார்த்துக்கொள்ளலாம். ஹனோயில் ஹோ சி மின் உடல் வைத்திருக்கும் மண்டபம் திங்கள், வெள்ளியில் மூடியிருக்கும், மற்ற நாட்களில் காலை மட்டும். பராமரிப்புக்காக ஆண்டில் சில வாரங்கள் அடைத்தும் வைப்பார்கள். தோள், முழங்கால் மறைக்கும் உடை வேண்டும். வரிசையில் பேசினாலும் கையைச் சட்டைப்பையில் விட்டாலும் காவலர் அதட்டுவார்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

மொழிபெயர்ப்புச் செயலி போதும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தமிழர்களுக்கு இது உடனே பிடிபடும். வியட்நாமியத்தில் பொதுவாக “நீ”, “நீங்கள்” என்று சொல்வதில்லை, உறவுமுறைதான். தன்னைவிடச் சின்னவர் “எம்”, அண்ணன் “அன்”, அக்கா “சி”. அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல், நம் பெரியப்பா, சித்தப்பாபோல. அறிமுகமில்லாதவர் முதல் பேச்சிலேயே உங்கள் வயதைக் கேட்பது வம்புக்காக அல்ல, எந்த முறை வைத்து அழைப்பது என்று தெரிய வேண்டாமா? உணவகத்தில் இளம் பணியாளரை “எம் ஒய்” என்று கூப்பிடுங்கள், “தம்பி” என்று நாம் கூப்பிடுவதுபோலத்தான். வயதில் மூத்த பெண்ணை அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

ஏமாற்று, திருட்டு?

வன்முறைக் குற்றம் குறைவு. சைகோனில் ஓரமாக நின்று கைப்பேசியில் வழி பார்த்தால் பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். கட்டிடத்தின் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். மூன்று சக்கர சைக்கிளில் ஏறுமுன் விலையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். “பதினைந்து” என்பது ஏறும்போது பதினைந்தாயிரம் டோங்காகவும் இறங்கும்போது பதினைந்து டாலராகவும் இருக்கும். பழக்காவடியை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்கிறவர் பிறகு பழத்தை விற்காமல் விடமாட்டார். செருப்பு கிழிந்திருக்கிறது என்று குனிகிறவரிடமிருந்து காலை இழுத்துக்கொள்ளுங்கள். அவசர எண்கள்: காவல் 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115.

முகவரிகள் குழப்புகின்றனவே?

2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களை 34 ஆகக் குறைத்துவிட்டார்கள், மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஹோய் ஆன் இப்போது டா நாங் நகரத்துக்குள் வருகிறது. சைகோனில் “முதல் மாவட்டம்” காகிதத்தில் இல்லை, ஆனால் எல்லார் வாயிலும் இருக்கிறது. விடுதியின் பெயரையும் தெருவையும் வைத்துத் தேடுங்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறோம். கழிப்பறை, நடை எல்லாம் எப்படி?

கழிப்பறையில் பெரும்பாலும் தண்ணீர் பீச்சும் குழாய் இருக்கும், கவலை வேண்டாம். நடைதான் சிரமம். ஹனோயின் நடைபாதைகளில் ஸ்கூட்டர்கள் நிற்கும், மனிதர்கள் சாலையில் நடப்பார்கள். ஹோய் ஆன் சமதளம், பழைய ஊருக்குள் நாளின் பெரும்பகுதி வண்டிகள் வராது. டா நாங்கின் பளிங்கு மலைக்கு மின்தூக்கி இருக்கிறது. பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

சில்லறைக் கேள்விகள்

அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. மின்சாரம் 220 வோல்ட், நம் மூன்று முள் செருகி நுழையாது, மாற்றி வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். மலைப்பக்கம் போவதானால் வியட்டெல் நிறுவனத்தின் சிம்மில் சிக்னல் எடுக்கும். மின்சிகரெட் 2025 முதல் தடை, பெட்டியில் வைக்காதீர்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

என்ன வாங்கி வரலாம்?

காபித்தூளும் பின் என்னும் வடிகட்டியும். உலகில் பிரேசிலுக்கு அடுத்து அதிகக் காபி விளைவது வியட்நாமில்தான், பெரும்பாலும் ரொபஸ்டா. பின் என்பது நம் ஃபில்டரின் மேல் தட்டு மட்டும் தனியே நடந்து வந்து தம்ளரின் மேல் உட்கார்ந்ததுபோல இருக்கும். முக்கால் தம்ளர் டிகாஷன் எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மடக்குக் கறுப்புச் சாறுதான் இறங்கும். அடியில் இரண்டு கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றி வைக்க வேண்டும். சாதாரணப் பாலில் முயன்று பார்த்தேன், கசந்தது. ஈயக் கலரில் மெலிந்த தகரத்தில் விற்பது மூன்று மாதத்தில் வளைந்துவிட்டது. கொஞ்சம் கூடக் கொடுத்து எவர்சில்வரில் வாங்குங்கள், மூடியும் அழுத்துத் தட்டும் உள்ளே இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிட்டு.